மால்டாவில் மே மாதம்: வெயில், காற்று, கடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசி ஆனாலே எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். புதிதாக விசா கிடைத்தவர்கள், இங்கே வேலை செய்யும் பிள்ளையைப் பார்க்க வருகிற பெற்றோர், இத்தாலி வரை வந்துவிட்டோம் அப்படியே எட்டிப் பார்க்கலாமா என்பவர்கள், எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரே ஒரு விஷயம். மால்டா சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் கிடக்கிற குட்டித் தீவுக்கூட்டம். மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர். பெரியது மால்டா, அடுத்தது கோசோ, நடுவில் பொட்டு மாதிரி காமினோ. தெற்கே கடலைத் தாண்டினால் லிபியா, அதற்குப் பின்னால் சகாரா. வடக்கே ஐரோப்பா, தெற்கே பாலைவனம். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த இருப்பிடத்திலேயே இருக்கிறது.

மே மாசம்னா அங்கேயும் கத்திரி வெயில்தானா அண்ணா?

இல்லை. பகலில் சராசரியாக 24 டிகிரி, இரவில் 15, 16. மாத ஆரம்பத்தில் 21, 22 டிகிரியோடு நின்றுவிடும் நாட்களும் உண்டு, கடைசி வாரத்தில் 27, 28 சாதாரணம். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு இது வெயில் கணக்கிலேயே வராது. பெங்களூரு டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள், அதோடு நிற்காமல் அடிக்கிற கடல்காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் இங்கே மே.

ஆனால் சராசரியை ரொம்ப நம்பவேண்டாம். திடீரென்று ஒன்றிரண்டு நாள் 30ஐத் தாண்டும், மறுநாளே 21க்கு விழும். அது ஏன் என்பது கீழே ஷ்லோக் என்ற காற்றைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா? அம்மா அப்பாவுக்கு?

கனமான ஸ்வெட்டர் வேண்டாம். காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று கட்டாயம் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு சால்வையோ மஃப்ளரோ இருந்தால் நல்லது, ஏனென்றால் சூரியன் இறங்கியதும் தலைநகர் வலெட்டாவின் கோட்டைச் சுவர் மேல் நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போது காது இரண்டும் விறைத்துப்போகும். பகலில் அரைக்கைச் சட்டை, சாயங்காலம் அதன் மேல் ஜாக்கெட், அவ்வளவுதான். தேவாலயங்களுக்குள் போவதாக இருந்தால் தோளும் முட்டியும் மறைகிற உடுப்பு வேண்டும், அந்தச் சால்வை அங்கேயும் உதவும்.

மழை உண்டா? குடை வேணுமா?

மே மாதம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 10 மில்லிமீட்டர்தான். சில வருஷம் அதுவும் கிடையாது. ஆண்டு மொத்தமே 550 மில்லிமீட்டர் அளவுதான், அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஏப்ரலோடு மழைக்காலம் மூட்டை கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், இந்தக் காற்றில் அது நிற்கவும் நிற்காது. குளிர்காலத்தில் ஒருமுறை இங்குள்ள குப்பைத்தொட்டிகளைப் பாருங்கள், கம்பி பிதுங்கிய குடைகளாகவே இருக்கும்.

எத்தனை மணிக்கு விடியும், எத்தனை மணிக்கு இருட்டும்?

மே ஆரம்பத்தில் காலை ஆறு மணியை ஒட்டி விடிந்து இரவு எட்டுக்குச் சற்று முன்னால் சூரியன் மறையும். மாதக் கடைசியில் ஐந்தே முக்கால், எட்டு பத்து. ஊரிலிருந்து வரும் பெற்றோர் ஏழரை மணிக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் நாலு மணிதானே ஆவுது" என்று உட்கார்ந்திருப்பார்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் தானாகவே ஒன்பதுக்குப் போய்விடும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒரு மணிக்கு. உச்சி வெயிலைத் தவிர்க்கிறேன் பேர்வழி என்று பன்னிரண்டரைக்குக் கிளம்பாதீர்கள்.

வெளிய 24 டிகிரி காட்டுது, ஆனா வீட்டுக்குள்ள குளிருதே, ஏன்?

மே முதல் வாரத்தில் வந்து இறங்குகிற எல்லாரும் கேட்பது இது. பழைய மால்டா வீடுகள் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை, சுவர் தடிமன் அதிகம், மேற்கூரை உயரம், தெருக்கள் குறுகல். குளிர்காலம் முழுக்க அந்தக் கல் ஈரத்தையும் குளிரையும் குடித்து வைத்திருக்கும், அதை விட்டுக்கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். மே 5ஆம் தேதி சுவரில் கை வைத்தால் மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கும். இதே கல் ஆகஸ்டில் நேர்மாறாக வேலை செய்யும், பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரி உங்கள் தலைமேல் விடும்.

அதனால் மே மாதத்தில் வெளியே இருப்பதுதான் கதகதப்பு. காலையில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வெளிக்காற்று வீட்டைச் சூடாக்கட்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் பகலில் ஜன்னலை மூடித் திரைபோட்டு உட்கார்ந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். என் முதல் வருஷம் அலமாரியில் தொங்கிய கல்யாணக் கோட்டின் தோள்பட்டையில் பச்சையாக ஒரு படலம் பிடித்திருந்தது.

இங்க எல்லாரும் எதுக்கெடுத்தாலும் காத்தைப் பத்தியே பேசறாங்களே?

பேசத்தான் செய்வார்கள், இங்கே வானிலை என்பதே காற்றுதான். நாம் ஊரில் "இன்னிக்கு எத்தனை டிகிரி" என்று கேட்கிற இடத்தில் இவர்கள் "இன்னிக்கு என்ன காற்று" என்று கேட்பார்கள். மலை கிடையாது, ஆறு கிடையாது, காடு கிடையாது. தீவின் உச்சியே 253 மீட்டர்தான். எந்தப் பக்கம் காற்று வந்தாலும் தடுக்க ஆளில்லை. வடக்கிலிருந்து வந்தால் ஐரோப்பாவின் குளிரைக் கொண்டுவரும், தெற்கிலிருந்து வந்தால் சகாராவின் சூட்டைக் கொண்டுவரும்.

மால்டா மொழியில் எட்டுத் திசைக் காற்றுக்கும் தனிப்பெயர் உண்டு. உங்களுக்கு மூன்று போதும். வடமேற்கிலிருந்து வருவது மஜ்ஜிஸ்ட்ரால், ஆண்டில் அதிகம் அடிப்பது இதுதான், உலர்ந்தது, குளிர்ந்தது, வானத்தைத் துடைத்துவிட்டுப் போகும். தென்கிழக்கிலிருந்து வருவது ஷ்லோக், சூடும் பிசுபிசுப்பும். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால், பெரும்பாலும் குளிர்காலத்து முரடன், மே மாதத்தில் அவ்வளவாகத் தலைகாட்டாது.

நமக்கு இது புதுசில்லை. வடக்கே வாடை, தெற்கே தென்றல், மேற்கே கோடை, கிழக்கே கொண்டல் என்று திசைக்கொரு பேர் வைத்தவர்கள்தானே நாம். ஒரே ஒரு எச்சரிக்கை, இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். தெற்குக் காற்று என்றதும் தென்றல் என்று நினைத்து நெஞ்சைத் திறந்துகொண்டு நடக்கப் போனால் நனைந்த பனியனோடு திரும்பி வருவீர்கள்.

ஷ்லோக்னா சரியா என்ன? ஏன் அன்னிக்கு எல்லாரும் எரிஞ்சு விழறாங்க?

இத்தாலிக்காரர்கள் சிரோக்கோ என்பதுதான் இது. வசந்தகாலத்தில் வட ஆப்பிரிக்காவின் மேல் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகிக் கிழக்கே நகரும். அதன் முன்பக்கத்தில் சகாராவின் காற்று வடக்கே இழுக்கப்படும். பாலைவனத்தை விட்டுக் கிளம்பும்போது அது எலும்பு மாதிரி உலர்ந்த காற்று. நடுவில் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடல் இருக்கிறதே, அதைத் தாண்டுவதற்குள் அடிப்பகுதி முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஆகவே நமக்கு வந்து சேரும்போது சூடும் உண்டு, புழுக்கமும் உண்டு, வானம் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும்.

தரை ஓடு வியர்க்கும், உப்பு டப்பாவில் உப்பு கட்டியாகும், ரொட்டி மொறுமொறுப்பு போய்விடும், தலைவலி வரும், தூக்கம் வராது. சென்னைக்காரர்களுக்கு இது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, அதனால் நாம் சிரிப்போம். ஆனால் 22 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு ஒரே ராத்திரியில் 31 என்றால் நமக்குமே கஷ்டம்தான், மூன்றாவது வருஷத்திலிருந்து நானும் எரிந்து விழுகிறேன்.

பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள். தாழ்வு கடந்து போனதும் காற்று மஜ்ஜிஸ்ட்ராலுக்குத் திரும்பும், சில மணி நேரத்தில் எட்டுப் பத்து டிகிரி இறங்கிவிடும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே முதுகில் பட்ட காற்று மாறுவது தெரியும்.

இன்னொன்று. நம் மீனவர்கள் தெற்கத்திக் காற்றைச் சோழகம் என்பார்கள், இவர்கள் ஷ்லோக் என்கிறார்கள். காதுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, அவ்வளவுதான். உடனே சோழர்கள் மால்டாவுக்கு வந்தார்கள் என்று ஆரம்பித்துவிடாதீர்கள், இந்தச் சொல் அரபு வழியாக வந்தது.

காலையில பார்த்தா எல்லா கார் மேலயும் செம்மண் புள்ளி. யாராவது வேணும்னே பண்றாங்களா?

யாரும் பண்ணவில்லை, சகாரா பண்ணியது. மேலே சொன்ன ஷ்லோக் நாட்களில் காற்றோடு நுண்தூசி நிறைய மேலே வரும். அந்த நேரத்தில் நாலு சொட்டு மழை விழுந்தால் போதும், ஒவ்வொரு சொட்டும் ஒரு துளி சேறுதான். சொட்டு காய்ந்த இடத்தில் செம்பழுப்பு வட்டம், ஓரம் மட்டும் அடர்த்தியாக, காவிக் கோலம் போட்ட மாதிரி. மாதத்துக்கு 10 மில்லிமீட்டர் மழை என்றேனே, அதில் பாதி இப்படித்தான் வீணாகும்.

உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், அது மணல், வண்டியின் பெயின்ட்டில் கோடு விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வலெட்டாவின் சரிவுத் தெருக்களில் அன்றைக்கு நிதானமாக நடங்கள். பல நூறு வருஷக் கால்கள் தேய்த்த கல்படி, அதன் மேல் மெல்லிய சேறு. நான் பால் பாக்கெட்டோடு ஒருமுறை ஏழு படி உட்கார்ந்தபடியே இறங்கியிருக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாளில் வெளிவேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

கடல்ல குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனால் முதல் நிமிஷம் மூச்சு நிற்கும். மே மாதக் கடல்நீர் 18, 19 டிகிரி, மாதக் கடைசியில்தான் 20ஐத் தொடும். நம் வங்கக்கடல் அதே மாதத்தில் 29 டிகிரி அளவில் இருக்கும், அந்த நினைப்பில் குதித்தால் அவ்வளவுதான். காற்று சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். பிப்ரவரி மார்ச்சில் 15, 16க்கு இறங்கிய தண்ணீர் ஆகஸ்டில்தான் 26ஐத் தாண்டும். மே அந்த ஏற்றத்தின் பாதிவழிகூட இல்லை.

உள்ளூர்க்காரர்கள் பலர் ஜூன் வரை காலைக்கூட நனைக்க மாட்டார்கள். தண்ணீரில் கும்மாளமிடுபவர்கள் எல்லாம் இங்கிலாந்து, ஸ்வீடன் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அவர்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மெதுவாக இறங்குங்கள், பத்து நிமிஷத்தில் ஏறிவிடுங்கள்.

எந்தக் கடற்கரைக்குப் போறது? போன வாரம் கோல்டன் பே போனோம், அலை உள்ளயே விடல.

போன வாரம் மஜ்ஜிஸ்ட்ரால் அடித்தது, கோல்டன் பே மேற்கு பார்த்த கடற்கரை. அலை நேராக உள்ளே வரும். இங்கே கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது அழகை வைத்து இல்லை, காற்றுக்கு முதுகு காட்டுகிறதா என்பதை வைத்து. வடமேற்குக் காற்றடிக்கும் நாளில் தென்கிழக்கு ஓரத்துக்குப் போங்கள், பிர்செபூஜாவின் ப்ரெட்டி பே, டெலிமாரா முனையில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் பூல் பாறைக்குளம். ஷ்லோக் நாளில் அங்கெல்லாம் அலை அடிக்கும், அப்போது கோல்டன் பேயும் பக்கத்து ஐன் துஃபீஹாவும் குளம் மாதிரி கிடக்கும். தீவு சின்னது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்று புலம்பினாலும் போய்விடலாம்.

தென்கிழக்கில் மர்சாஷ்லோக் என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குப் பேர் போனது. பெயரைப் பிரித்துப் பாருங்கள், மர்சா என்றால் துறைமுகம், ஷ்லோக் தெரியும். ஊரே காற்றின் பெயரில் இருக்கிறது.

ஜெல்லி மீன் கடிக்குமாமே?

கடிக்காது, பட்டால் சுடும். இங்கே வருவது ஊதா நிறத்தில் உள்ளங்கை அளவு இருக்கும் ஒரு வகை, உள்ளூரில் பிராமா என்பார்கள். வசந்தகாலத்தில் கூட்டமாக வரும் வருஷங்கள் உண்டு, ஒன்றுகூடக் கண்ணில் படாத வருஷங்களும் உண்டு. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் ஒதுங்கும், அதனால் முந்தைய பதிலில் சொன்ன திசைக் கணக்கு இதற்கும் பொருந்தும். கரையில் ஊதாவாக வழுவழுவென்று ஏதாவது ஒதுங்கியிருந்தால் இறங்காதீர்கள்.

பட்டுவிட்டால் கடல்நீரிலேயே கழுவுங்கள். குடிநீர் பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள், நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் கொட்டு செல்கள் இன்னும் வெடிக்கும். தேய்க்கவும் கூடாது. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 112.

கோசோவுக்குப் படகு ஓடுமா, காத்து அடிச்சா நிறுத்திடுவாங்களா?

மால்டாவின் வடமுனையில் இருக்கும் சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் துறைமுகமான இம்ஜாருக்குப் போகும் பெரிய கார் படகு மே மாதத்தில் நிற்பது அபூர்வம், இருபத்தைந்து நிமிஷம்தான். வலெட்டாவிலிருந்து கிளம்பும் வேகப்படகு சின்னது, பலத்த காற்று நாளில் அதைத்தான் முதலில் ரத்து செய்வார்கள். திரும்பிவர அதையே நம்பி இருக்காதீர்கள், பஸ் பிடித்து பெரிய படகுக்குப் போகிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள். காமினோவின் நீலக் குளத்துக்குப் போகும் சுற்றுலாப் படகுகள் இன்னும் சின்னவை, காற்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கோசோவில் அந்த அஷூர் விண்டோ என்கிற கடலோரப் பாறை வளைவு எங்கே என்று மறக்காமல் ஒருவர் கேட்பார். அது 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் விழுந்துவிட்டது. பழைய படத்தைக் காட்டி டாக்சிக்காரரிடம் வழி கேட்டால் அவர் பாவம் என்ன செய்வார்.

வெயில் சுடவே இல்ல, ஆனா மூக்கு, காது எல்லாம் தோல் உரியுது. இது எப்படி?

காற்று செய்கிற மோசடி. மே கடைசியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய 75 டிகிரி உயரத்தில் நிற்கும், ஜூலை மாதச் சூரியனுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வெயில். மஞ்சள் கல், வெளிர் தரை, கடல் எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆனால் 23 டிகிரிக் காற்று தோலைத் தடவிக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. நாம் கறுப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய். டிங்லி பாறைமுனையில் ஒரு ஞாயிறு மதியம் படுத்துக்கிடந்து காதுமடல் இரண்டும் வெந்து, ஒரு வாரம் ஹெல்மெட் போட முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சன்ஸ்கிரீன், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. தொப்பிக்குத் தாடைக்கயிறு இருக்கட்டும்.

துணி காயவே மாட்டேங்குது ரெண்டு நாளா, ஆனா போன வாரம் ஒரு மணி நேரத்துல காய்ஞ்சுது?

ஷ்லோக்குக்கும் மஜ்ஜிஸ்ட்ராலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. ஈரக்காற்றில் ஜீன்ஸ் இரண்டு நாள் தொங்கினாலும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும், போதாக்குறைக்கு வெள்ளைச் சட்டையில் தூசி அப்பும். காற்று மாறும் வரை பொறுங்கள், மாறியதும் மொத்தமாகத் துவையுங்கள். ஆனால் க்ளிப்பை இரட்டையாகப் போடுங்கள், என் வேட்டி ஒன்று பக்கத்து மாடி ஆன்டெனாவில் கொடியாகப் பறந்தது. கடலோர வீடுகளில் கம்பிக் கொடியை ஒருமுறை துடைத்துவிட்டுப் போடுங்கள், உப்பு படிந்திருக்கும்.

ஒருநாள் காலையில கடலே தெரியல, ஒரே பனி. மே மாசத்துல பனியா?

பனிமூட்டம் மாதிரிதான், ஆனால் குளிரால் இல்லை. வெதுவெதுப்பான ஈரக்காற்று 18 டிகிரிக் கடல் மேல் மெதுவாக நகரும்போது அடியில் குளிர்ந்து மூட்டமாகிவிடும். காற்று பலமாக இருந்தால் கலைந்துவிடும், மென்மையாக இருந்தால்தான் நிற்கும். அதனால் வசந்தகாலத்தில்தான் இது அதிகம், ஆகஸ்டில் கடலே சூடாக இருப்பதால் வராது. விமானம் தாமதமாகலாம். பத்துப் பதினொரு மணிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும், ஸ்லீமா பக்கம் நின்றால் எதிர்க்கரை வலெட்டாவின் பெரிய குவிமாடம் மட்டும் மேலே மிதக்கும், அதற்குக் கீழே ஊரே இருக்காது.

ஃபோட்டோல பச்சையா இருந்துச்சு, வந்து பார்த்தா எல்லாம் காய்ஞ்ச வைக்கோல் மாதிரி இருக்கே?

நீங்கள் பார்த்த படம் பிப்ரவரி, மார்ச்சில் எடுத்தது. நம் கணக்கு இங்கே புரண்டு கிடக்கிறது, குளிர்காலம்தான் பச்சை, கோடைதான் வறட்சி. ஏப்ரலில் வயலெல்லாம் மஞ்சள் சாமந்தி மாதிரிப் பூவும் சிவப்புக் கசகசாப் பூவுமாக இருக்கும், மே நடுவில் எல்லாம் பழுத்து, கடைசியில் வைக்கோல்.

ஆனால் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சாந்து பூசாமல் அடுக்கிய வயற்காட்டுக் கற்சுவர்களின் இடுக்கில் கேப்பர் செடி மே மாதத்தில்தான் பூக்கும், வெள்ளை இதழ், நடுவில் நீள நீளமாக ஊதா இழைகள். பூக்கும் முன் மொட்டைக் கிள்ளி உப்புநீரில் போட்டு வைப்பார்கள், நம் சுண்டைக்காய் வற்றல் சுவைக்காரர்களுக்குப் பிடிக்கும். வயல் வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளி, நம் ஊர்க் கள்ளிக்குச் சொந்தக்காரன், அதுவும் மே மாதத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். வண்டியில் லோகாட் பழம் விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும்.

இவ்வளவு கம்மி மழைன்னா தண்ணிக்கு என்ன பண்றாங்க?

குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்தது, மிச்சம் நிலத்தடி நீர். குடித்தால் ஒன்றும் ஆகாது, ருசிதான் இருக்காது. காபி போட்டால் நம் ஊர் டிகிரி காபி வரவே வராது, அதற்கு பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். பழைய வீடுகளின் அடியில் கல்லில் குடைந்த மழைநீர்த் தொட்டி இருக்கும், குளிர்கால மழையைச் சேமிக்க. மே மாதத்தில் அதன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் எவ்வளவு என்று பாட்டிமார்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் தஞ்சாவூர் ஞாபகம் வரும்.

ரெண்டு ஆப் ரெண்டு விதமா சொல்லுது. எதை நம்பறது?

டிகிரியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காற்று அம்பைப் பாருங்கள். ஆப் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் விமான நிலையத்தினுடையது, அது லூக்கா என்று எழுதி லூ-ஆ என்று சொல்லும் ஊரில், தீவின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே 27 என்றால் காற்று அடிக்கும் கடலோரத்தில் 23 ஆக இருக்கலாம், ஷ்லோக் நாளில் வடக்குக் கரையில் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம், ஏனென்றால் காற்று அதற்குள் தரையைக் கடந்து சூடேறியிருக்கும்.

உள்ளூர் முன்னறிவிப்பில் காற்றின் பலத்தை "ஃபோர்ஸ் 4", "ஃபோர்ஸ் 5" என்று போடுவார்கள். என் கணக்கு: 3 வரை எங்கும் போகலாம். 4 என்றால் கரையைத் திசை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 5 என்றால் சின்னப் படகை மறந்துவிடுங்கள். 6 என்றால் வலெட்டாவின் தெருக்களுக்குள் சுற்றுங்கள், அல்லது வீட்டில் பிரியாணி போடுங்கள்.

டெலிவரி பைக் ஓட்டறேன். மே தாங்குது, ஜூலைல தாங்குமா?

தம்பி, மே உனக்குப் பயிற்சிக்காலம். ஜூலை ஆகஸ்டில் சராசரியே 31, 32, ராத்திரியும் இறங்காது, புழுக்கம் வேறு. இங்கே பதிவான உச்சம் 43.8 டிகிரி, 1999 ஆகஸ்டில். பக்கத்துச் சிசிலியில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 வரை போனது, ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். நம் ஊர்க்காரன் எனக்கென்ன என்று இருக்காதே, ஹெல்மெட்டுக்குள் தார்ச்சாலையின் சூட்டில் எந்த ஊர்க்காரனும் ஒன்றுதான். இப்போதே தண்ணீர் பாட்டிலோடு ஓட்டப் பழகு.

மே மாதத்தில் உனக்கு ஆபத்து சூடு இல்லை, பக்கவாட்டுக் காற்று. ஸ்லீமா கடற்கரைச் சாலையில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே சந்து வரும் இடத்தில் ஒரு தள்ளு தள்ளும், முதுகில் இருக்கும் பெட்டி பாய்மரம் மாதிரி வேலை செய்யும். சந்து வரும் முன்பே வேகத்தைக் குறை. மண்மழை நாளில் வளைவில் பிரேக்கைப் பிடிக்காதே.

மே ஆரம்பத்துல வரலாமா, கடைசியில வரலாமா?

நடந்து ஊரைப் பார்க்க, கோட்டை கொத்தளம் ஏற, பெரியவர்களோடு வர என்றால் முதல் பாதி. கடலில் இறங்க என்றால் கடைசி வாரம், இன்னும் பத்து நாள் தள்ளி ஜூனில் வந்தால் இன்னும் நல்லது. எனக்குப் பிடித்தது மே நடுவில், ஷ்லோக் முடிந்து மஜ்ஜிஸ்ட்ரால் அடித்த மறுநாள் விடியற்காலை. தூசியெல்லாம் போய் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். கோசோவின் வடகரையில் நின்றால் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி சிசிலியின் எட்னா எரிமலை தெரியும் நாட்கள் உண்டு. 3,300 மீட்டருக்கு மேல் உயரம், மே மாதத்திலும் உச்சியில் பனி. அடிவாரம் தெரியாது, கடலுக்கு மேலே வெள்ளையாக ஒரு சின்ன முக்கோணம் மட்டும். சூரியன் ஏறி அரை மணியில் அது கரைந்து காணாமல் போய்விடும். நாலு வருஷத்தில் எனக்கு இரண்டு தடவைதான் கிடைத்தது, அதனால் அதற்காக டிக்கெட் போடாதீர்கள்.

ஆப், ஃபோர்ஸ் எல்லாம் எனக்கு வேணாம். காலையில எழுந்ததும் சட்டுனு காத்து எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தண்ணீரோரம் இருந்தால் சுலபம். ஒற்றைக் கயிற்றில் கட்டிய படகு மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பித்தான் நிற்கும். மர்சாஷ்லோக்கில் நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த மீன்பிடிப் படகுகளின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருப்பார்கள். அந்தக் கண்கள் துறைமுக வாயைப் பார்த்தபடி தென்கிழக்கே திரும்பியிருந்தால் ஷ்லோக், வெள்ளைச் சட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தால் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.